ஆசிரியருக்கு: படத்தில் இருப்பது எங்கள் பயிர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மக்காச்சோளத்தில் எத்தனால் எடுக்கும் ஆலைகளைப் பற்றி வந்த கட்டுரையில், "சாப்பாட்டுத் தானியத்தைச் சாராயத்துக்குக் கொடுக்கும் விவசாயிகள்" என்று ஒரு படத்தின் கீழே போட்டிருந்தீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக உங்கள் பத்திரிகை வாங்கும் வீடு இது. அந்த வரியைச் சத்தமாக வாசித்த என் மனைவி, மேற்கொண்டு வாசிக்காமல் மடித்து வைத்துவிட்டாள்.

யாருக்குக் கொடுப்பது என்று எங்களை யார் கேட்டார்கள், ஐயா? தை மாதம் தார்ச்சாலையோரம் காயவைத்துக் கட்டிய மூட்டையை வியாபாரி குத்தூசியால் குத்துகிறார். ஒரு மணியைக் கடித்துப் பார்த்து, ஈரம் என்கிறார். மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு என்கிறார். லாரி நாமக்கல் கோழிப்பண்ணைக்குப் போகிறதா, ஆலைக்குப் போகிறதா என்பது எங்களுக்குத் தெரியாது. 2025-26க்கு அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். இந்தத் தையில் என் கைக்கு வந்தது 1,850. மக்காச்சோள எத்தனாலுக்கோ லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு என்று விலை வைத்திருக்கிறார்கள். ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 380 லிட்டர் கிடைக்கும். வடித்தபின் மிஞ்சும் சக்கையும் தீவனமாக விலை போகிறது. மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்வீர்கள்.

அந்த எத்தனால் பெட்ரோலில் கலக்கப் போகிறது என்று உங்கள் கட்டுரையே சொல்கிறது. அப்புறம் சாராயம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் போர்பன் விஸ்கி என்று பெயர் போட, அதன் தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்காக அந்த ஊர் விவசாயியை யாரும் குற்றவாளியாக எழுதி நான் படித்ததில்லை.

2018இல் படைப்புழு குருத்துக்குள் புகுந்து தின்றபோது, நான்கு ஏக்கரில் இரண்டை டிராக்டர் விட்டு உழுது மடக்கினேன். உங்கள் நிருபருக்கு மூன்று முறை போன் செய்தேன். ஒரு வரி வரவில்லை. காட்டுப்பன்றித் தொல்லை பற்றி எழுதிய கடிதமும் அப்படியே போயிற்று. இப்போது மட்டும் எங்கள் நினைவு வந்திருக்கிறது.

இன்னொன்று. படத்தில் இருப்பது வெள்ளைச் சோளம்; கதிர் உச்சியில் நிற்கிறது. மக்காச்சோளத்தின் உச்சியில் இருப்பது ஆண் பூ. கதிர் தண்டின் நடுவே, கணுவில், மட்டை மூடி இருக்கும். அடுத்த இதழில் சரியான படத்தைப் போட்டு, கீழே 'மக்காச்சோளம்' என்று மட்டும் அச்சிடுங்கள். படம் இல்லையென்றால் புரட்டாசியில் விதைத்து, கார்த்திகையில் கதிர் வந்ததும் சொல்லி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மக்காச்சோள விவசாயி,
வேப்பந்தட்டை வட்டம், பெரம்பலூர் மாவட்டம்.