துணிப்பை நம் கையில், கண்மாய் யார் கையில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் வந்த பசுமை வாழ்க்கைக் கட்டுரையைப் படித்தேன். துணிப்பை எடுத்துப் போங்கள், விளக்கை அணையுங்கள், மாடியில் கீரை போடுங்கள் என்று அத்தனையும் நமக்கே சொல்லியிருந்தது. சரி, செய்கிறோம், மஞ்சப்பை மதுரைக்காரனுக்குப் புதுசா என்ன? ஆனால் கட்டுரை முழுக்கத் தேடியும் கவுன்சிலர், ஊராட்சி, சட்டசபை என்று ஒரு சொல்கூட இல்லை, அரசாங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி.

நம் மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். மலையும் சுனையும் ராஜாளியும் தமிழிக் கல்வெட்டும் உள்ள ஊர் என்று 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அடுத்த வருஷமே டெல்லியில் கனிமச் சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் உட்பட 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது, 2024 நவம்பரில் அரிட்டாபட்டியையும் சேர்த்து அந்த வட்டாரமே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போய்விட்டது. அப்புறம் அதை எதிர்த்து மேலூர் பக்கம் கிராம சபைகளில் தீர்மானம், டிசம்பர் 9-இல் சட்டசபையில் தீர்மானம், 2025 ஜனவரி 7-இல் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை திரண்டு வந்த ஜனம், ஜனவரி 23-இல் ஏலம் ரத்து. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் குடித்தார்களோ தெரியாது, மலை பிழைத்தது அவர்களால்தான்.

இதில் யாரும் பெரிதாகப் பேசாத ஒன்று உண்டு. அந்தப் பேரணிக்கு இரண்டு நாள் முன்னால், ஜனவரி 5-ஆம் தேதியோடு, ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து நிர்வாகம் அரசு நியமித்த தனி அலுவலர்களிடம் போனது. ஊருணி, வரத்துக்கால், குப்பை, குடிதண்ணீர் என்று தினசரி பாடு எல்லாம் ஊராட்சியில்தான் இருக்கிறது. தலைவர் என்றால் வீட்டு வாசலில் போய் நின்று "அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வருவீங்கள்ல" என்று சொல்லலாம், தனி அலுவலரிடம் அது செல்லுமா?

நகரத்துக்குள்ளும் இதே கதைதான். செல்லூர் கண்மாய்த் தண்ணீர் வைகைக்குப் போகிற வழி பந்தல்குடி கால்வாய். 2024 அக்டோபர் மழையில் செல்லூர் தெருக்கள் எப்படி மிதந்தன என்று ஊருக்கே தெரியும். 2025 மே மாதம் முதல்வர் ஸ்டாலின் அந்தப் பக்கம் வருகிறார் என்றதும் அதே கால்வாயைத் துணி கட்டி மறைத்தார்கள்! விஷயம் வெளியே வந்து நாறிய பிறகு முதல்வரே நேரில் போய்ப் பார்த்தார். அதே வருஷம் வந்த ஒன்றிய அரசின் தூய்மைத் தரவரிசையில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள 40 நகரங்களில் மதுரைக்கு நாற்பதாவது இடம். வீட்டில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுத்து, அது கடைசியில் ஒரே மேட்டில் போய் விழுந்தால் நாம் பிரித்து என்ன பிரயோஜனம்?

மனசு வைத்தால் நடக்காமலும் இல்லை. பனையூர் கால்வாயைச் சரிசெய்து வைகைத் தண்ணீரைத் திருப்பி விட்டதும் வண்டியூர் தெப்பக்குளம் நிறைந்ததே, அது எந்தத் தனி மனிதர் துணிப்பை தூக்கி நடந்தது? அதே சமயம் ஆக்கிரமிப்பை அகற்று என்று உத்தரவு போடுகிற உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாய்க்குள்தான் நிற்கிறது. நீர்நிலையைக் காலி மனை என்று நினைக்கும் வியாதி எல்லாக் கட்சி ஆட்சியிலும் இருந்தது, இவர்கள் அவர்கள் என்று நான் பிரிக்க மாட்டேன்.

2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று நகரங்களில் ஏரியா சபைக் கூட்டம் என்று, கிராம சபை மாதிரி வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்ல ஆரம்பித்தார்கள். நல்ல ஏற்பாடு. மதுரையின் 100 வார்டுகளில் இப்போது எங்கெங்கே அந்தக் கூட்டம் நடக்கிறது, என்ன கேட்டார்கள், எது நிறைவேறியது என்று உங்கள் நிருபர்களை அனுப்பி வார்டு வாரியாகப் போடுங்கள் சார். கீரை வளர்ப்புக்குக் கொடுத்த அரைப் பக்கம் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை