பேத்தியின் பேச்சுப் போட்டிக்கு அஞ்சலையம்மாள்

கடலூர் முதுநகர்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டுக்காரருக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நீயே நேரம் பார்த்து விடு. அவரை நம்பினால் பாட்டில் அப்படியே இருக்கும். இங்கே எல்லாரும் சுகம். என் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது.

சட்டமன்றத்தில் முன்னோடியான ஒரு பெண்ணைப் பற்றிப் பேத்தி பேச வேண்டும், முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி நாலு பக்கம் எழுதி அனுப்பு என்று கேட்டிருந்தாய். அவருக்கு என்ன குறை? புதுக்கோட்டையில் பிறந்து மருத்துவம் படித்தவர். 1927இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் இருந்தார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். 1930இல் காந்தி கைதானதும் பதவியை உதறிவிட்டு வெளியே வந்தார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் எழுப்பியது. ஆனால் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அவரைப் பற்றித்தான் பேசுவார்கள். உன் பேத்திக்கு நான் வேறொருவரைச் சொல்கிறேன். பாட்டி ஊர்க்காரர், நம் ஓ.டி.யில், அதாவது இந்த முதுநகரில் பிறந்தவர். அஞ்சலையம்மாள்.

பெயரைக் கேட்டதும் நீ என்ன சொல்வாய் என்று தெரியும். பர்தா போட்டுக்கொண்டு குதிரை வண்டியில் போய்க் காந்தியைப் பார்த்தாரே, அவர்தானே? அவரேதான். காந்தி கடலூருக்கு வந்தபோது, அஞ்சலையம்மாளைப் பார்க்கக் கூடாது என்று அரசு தடை போட்டது. போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போய்ப் பார்த்தார். தென்னாட்டின் ஜான்சி ராணி என்ற பட்டம் காந்தி கொடுத்தது. நாம் பள்ளியில் கேட்டது இவ்வளவுதான். காந்தி பூங்காவில் இன்று அவருக்குச் சிலை இருக்கிறது. மாலை போடுகிறவர்களும் இந்தக் கதையைத்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நல்ல கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அம்மாள் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். அதைச் சொல்ல மேடையில் ஒருவருக்கும் நேரம் இருப்பதில்லை.

பேத்தி நீல் சிலையிலிருந்து தொடங்கட்டும். 1857இல் வட இந்தியாவில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் தூக்கில் போட்ட ஜெனரல் நீலுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்திருந்தார்கள். 1927இல் அதை அகற்றச் சொல்லி சத்தியாகிரகம் நடந்தது. கடலூரிலிருந்து அஞ்சலையம்மாள் போனார், சின்னப் பெண்ணான மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு. தாயும் மகளும் தண்டனை அனுபவித்தார்கள். அந்தக் குழந்தைக்குத்தான் காந்தி லீலாவதி என்று பெயர் வைத்து வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துப் போனார். சிலை மட்டும் அசையாமல் நின்றது. 1937 தேர்தலில் காங்கிரஸ் ஜெயித்து ராஜாஜி அமைச்சரவை அமைந்த பிறகுதான் அதைப் பெயர்த்துக் கொண்டுபோய் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அதே 1937இல்தான் அஞ்சலையம்மாளும் சட்டமன்றத்துக்குள் காலடி வைத்தார். எந்தச் சிலைக்காகச் சிறைக்குப் போனாரோ, அதை எடுத்த ஆட்சியின் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். இதைவிடப் பெரிய வெற்றி ஒரு போராளிக்கு என்ன இருக்கிறது, சொல். என்னைக் கேட்டால் பர்தா கதையைவிட இதுதான் அருமையான கதை.

அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. குடும்பச் சொத்தை விற்று விடுதலைப் போராட்டத்தில் போட்டவர். நிறைமாத கர்ப்பிணியாக வேலூர் சிறையில் இருந்தவரைப் பிரசவத்துக்கு வெளியே விட்டார்கள். கைக்குழந்தையோடு திரும்பவும் உள்ளே போனார். பிள்ளைக்கு ஜெயில் வீரன் என்றே பெயர் வந்து, பிறகு ஜெயவீரன் ஆனது. இன்னொன்றையும் பேத்திக்குச் சொல்லி வை. அந்த நாளில் எல்லாருக்கும் ஓட்டு கிடையாது. சொத்தோ படிப்போ இருந்தவர்களுக்குத்தான். 215 பேர் கொண்ட பேரவையில் பெண்களுக்கு ஒதுக்கிய இடம் எட்டு. மறியலில் அவர் பின்னால் போன எத்தனையோ பெண்களுக்கு அவருக்கே ஓட்டுப் போடும் உரிமை இருந்திருக்காது.

இனி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பரங்கிப்பேட்டைப் பக்கம் தீர்த்தாம்பாளையம் தெரியுமல்லவா? குடிநீருக்கு அல்லாடிய ஊர். வீராணத்துத் தண்ணீரைப் புதுச்சத்திரம் வழியாகக் கிளை வாய்க்கால் வெட்டி அங்கே கொண்டுவரச் செய்தவர் இந்த அம்மாள். அஞ்சலை வாய்க்கால் என்றே அதற்குப் பெயர்.

நான் நீர்ப்பாசனப் பிரிவில் காலமெல்லாம் கோப்பு தைத்தவள். ஒரு கிளை வாய்க்கால் என்றால் என்ன பாடு என்று எனக்குத் தெரியும். வீராணம் தானாக நிரம்புகிற ஏரி இல்லை; கொள்ளிடத்தில் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வந்தால்தான் அதற்கு உயிர். அதிலிருந்து புதிதாக ஒரு கிளை கேட்டால் மேல்மடைக்காரர்கள் முதலில் எழுந்து நிற்பார்கள், எங்கள் பங்கு போய்விடும் என்று. பிறகு மட்டம் பார்க்க வேண்டும். இந்தக் கடலோரச் சமதரையில் கொஞ்சம் பிசகினால் தண்ணீர் நின்ற இடத்திலேயே நிற்கும். யார் நிலத்தை எடுப்பது, மதகு எங்கே வைப்பது, செலவு எந்தக் கணக்கில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மேஜை. விடாமல் கேட்க ஓர் ஆள் இல்லாவிட்டால் மனு சிவப்பு நாடாவுக்குள்ளேயே மட்கிவிடும். எங்கள் அலுவலகத்தில் அப்படி மட்கிய மனுக்களை நானே தூசி தட்டி அடுக்கியிருக்கிறேன். மடித்த இடமெல்லாம் கிழிந்து, கைநாட்டு மை மட்டும் மங்காமல் இருக்கும். அதனால்தான், சிறைக்குப் போகிற துணிச்சலுக்கு எவ்வளவு மரியாதையோ அவ்வளவு மரியாதை மேஜை மேஜையாக ஏறி இறங்குகிற பொறுமைக்கும் உண்டு என்று அடித்துச் சொல்கிறேன். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம்.

அவருக்குச் சட்டமன்றம் முன்னும் சிறை, பின்னும் சிறை. 1939இல் காங்கிரஸ் அமைச்சரவை விலகியது. அடுத்த ஆண்டு தனிநபர் சத்தியாகிரகத்தில் மறுபடி உள்ளே போனார். நாடு விடுதலை பெற்ற பிறகு தியாகி ஓய்வூதியம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1961இல் காலமானார். வருகிற தலைவர்கள் எல்லாரும் இப்போது அவர் படத்தை மேடையில் வைக்கிறார்கள். வைக்கட்டும். வாய்க்கால் பேச்சையும் எடுத்தால் தேவலை.

பேச்சை மூன்று நிமிடத்துக்குள் அடக்கித் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீல் சிலையில் ஒரு நிமிடம், வாய்க்காலில் இரண்டு நிமிடம். ஆசிரியர் பர்தாவைச் சேர்க்கச் சொன்னால் கடைசியில் ஒரு வரி போதும். கையை வீசிக் கத்த வேண்டாம் என்று சொல். 'வடவாறு' என்பதில் ற வல்லினம், அதை மட்டும் சொல்லிப் பார்க்கச் சொல். போட்டி முடிந்ததும் அவளை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிறு பஸ் ஏறி வா. பண்ருட்டிப் பலா வந்துவிட்டது. என் மருமகன் காரில் தீர்த்தாம்பாளையம் வரை போய்விட்டு வரலாம். முன்னாலேயே தெரிவித்தால் அவன் வேறு வேலை வைத்துக்கொள்ள மாட்டான்.

அன்புடன்,
உன் முதுநகர்த் தோழி