வேலூர் லாட்ஜ் உரிமையாளர்களுக்கு, ரூம் டிவி பற்றி ஒரு திறந்த மடல்

தோட்டப்பாளையம், காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, சத்துவாச்சாரி என்று வேலூரில் லாட்ஜ் நடத்தும் உரிமையாளர்களுக்கும் மேனேஜர்களுக்கும் வணக்கம்.

டிவி ரிப்பேரும் செட்டாப் பாக்ஸ் மாட்டுவதும்தான் என் பிழைப்பு. உங்களில் பலருடைய லாட்ஜுக்குள் ஏணியும் கேபிள் சுருளுமாக வந்து போகிறவன். இந்த விஷயத்தை நேரில் சொல்லிப் பார்த்தேன். "சரிப்பா, பாத்துக்கலாம்" என்பீர்கள். அதற்குள் ரிசப்ஷனில் அடுத்த குடும்பம் பெட்டி படுக்கையோடு வந்து நிற்கும். உங்களைக் குறை சொல்ல முடியாது. அதனால் எழுதிவிடுகிறேன், கொஞ்சம் ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

நான் கேட்பது இதுதான்: ரூமில் நீங்கள் மாட்டியிருக்கும் டிவி, அங்கே தங்குகிறவருடைய மொழியில், அவரால் தானே போட்டுப் பார்க்கிற மாதிரி ஓட வேண்டும்.

கோட்டை பார்க்க வருகிறவர்களும் ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வருகிறவர்களும் ஒரு ராத்திரி படுத்து எழுந்து போய்விடுவார்கள். அவர்களுக்கு டிவி பெரிய விஷயமில்லை. நம் லாட்ஜுகளை நிரப்புகிறவர்கள் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள்தான். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்த இடம் அது. இன்றைக்கு மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ ஜனங்கள் ரயிலேறி வந்து காட்பாடியில் இறங்குகிறார்கள். டாக்டரைப் பார்த்து, டெஸ்ட் எடுத்து, ரிப்போர்ட் வாங்கி, மறுபடியும் டாக்டரைப் பார்ப்பதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். ஆபரேஷன், கீமோ என்றால் மாதக்கணக்கு.

இவர்களுக்காக நீங்கள் செய்திருப்பதை நான் மறக்கவில்லை. ரூமிலேயே சமைத்துக்கொள்ள அடுப்பு வைத்தீர்கள், பாத்திரம் வாடகைக்குக் கொடுத்தீர்கள். காந்தி ரோட்டில் போர்டுகளில் வங்காள எழுத்து ஏறி எத்தனையோ காலமாகிறது. மெடிக்கல் கடைப் பையன் முதல் ஆட்டோக்காரர் வரை வங்காளத்தில் விலை சொல்கிறார்கள். பங்களாதேஷ் பாஸ்போர்ட் என்றால், வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் ஃபாரத்தை 24 மணி நேரத்துக்குள் போடுகிறீர்கள். வருகிறவர் எந்த ஊர், என்ன பாஷை என்பது வேலூரில் எல்லாருக்கும் முன்னால் உங்கள் ரிசப்ஷனுக்குத்தான் தெரிகிறது. ஆனால் ரூம் கதவைச் சாத்தி டிவியைப் போட்டால் தமிழ் சீரியல், தமிழ் நியூஸ், தமிழ்ப் பாட்டு. மிஞ்சினால் இரண்டு இந்தி சேனல்.

அதுவும் டிவி வந்தால்தான்! ரூமில் இரண்டு ரிமோட் கிடக்கும், டிவிக்கு ஒன்று, பாக்ஸுக்கு ஒன்று. ஒன்றில் பேட்டரி மூடி இருக்காது, ரப்பர் பேண்டு சுற்றியிருக்கும். வந்தவர் டிவி ரிமோட்டில் ஆன் செய்வார், 'நோ சிக்னல்' என்று வரும். ஏதாவது செய்து பார்ப்போமே என்று சோர்ஸ் பட்டனைத் தட்டுவார், பாக்ஸ் மாட்டியிருக்கும் ஹெச்டிஎம்ஐ வழி போய், ஒன்றும் மாட்டாத ஏவி வழி வந்துவிடும். அப்புறம் என்ன செய்தாலும் படம் வராது. ரூம் பாயைக் கூப்பிட பாஷை இல்லை. கூப்பிட்டாலும் அந்தப் பையன் "டிவி ரிப்பேர்" என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விடுவான். என்னை ரிப்பேருக்குக் கூப்பிடுவதில் பாதிக்கு மேல் ரிப்பேரே கிடையாது, சோர்ஸ்தான் மாறியிருக்கும். நான் வந்து ஒரு பட்டனைத் தட்டிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போகிறேன். அந்தக் கூலி எனக்கு வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

இதற்கு வழி உங்கள் டிவிக்குள்ளேயே இருக்கிறது. பல கம்பெனி டிவிகளில் ஹோட்டல் மோடு என்று ஒரு மெனுவை மறைத்து வைத்திருப்பார்கள். ரிமோட்டில் சில பட்டன்களைச் சொன்ன வரிசையில் அழுத்தினால் திறக்கும், மாடலுக்கு மாடல் வரிசை மாறும். டிவியை ஆன் செய்தால் எப்போதும் ஹெச்டிஎம்ஐயில்தான் வர வேண்டும், சத்தம் இன்ன அளவுக்கு மேல் போகக் கூடாது, செட்டிங்கை யாரும் மாற்றக் கூடாது என்று அதில் ஒரு தடவை போட்டுவிட்டால் போதும். அடுத்தது அந்த இரண்டு ரிமோட் தொல்லை. பாக்ஸ் ரிமோட்டில் டிவி என்று தனியாகக் கட்டம் போட்டு நாலைந்து பட்டன் இருக்கிறது பாருங்கள், அது கற்றுக்கொள்ளும் பட்டன். டிவி ரிமோட்டை அதற்கு நேர் எதிரே வைத்து ஆன், சத்தம் இரண்டையும் ஏற்றிவிடலாம். ஒரு ரூமுக்குச் சில நிமிட வேலை. அப்புறம் டிவி ரிமோட்டை வாங்கி ரிசப்ஷன் டிராயரில் வைத்துவிடுங்கள், ரூமில் ஒரே ரிமோட் இருந்தால் போதும்.

சத்தத்துக்கு அளவு வைப்பதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். நம் லாட்ஜுகளில் ரூமுக்கும் ரூமுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். கீமோ ஏற்றிக்கொண்டு வந்து படுத்திருப்பவருக்குப் பக்கத்து ரூம் சண்டைக்காட்சி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, சேனலுக்கு வருகிறேன். வங்காள சேனலுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமே என்று பலரும் கேட்கிறீர்கள். முதலில் பைசா செலவில்லாததைச் சொல்கிறேன். தூர்தர்ஷனின் வட்டார மொழிச் சேனல்களைக் கேபிளில் கட்டாயம் கொடுக்க வேண்டும். டிடி பங்களா, டிடி அசாம் எல்லாம் பெரும்பாலும் உங்கள் பாக்ஸில் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கின்றன. எந்த நம்பரில் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. சேனல் வரிசையில் எங்கோ பின்னால் கிடக்கும், அதுவரை யாரும் போவதில்லை. ஒரு தாளில் அந்த நம்பர்களை வங்காள எழுத்தில் பெரிதாக எழுதி, லேமினேட் செய்து டிவிக்குக் கீழே ஒட்டினாலே பாதி வேலை முடிந்தது.

தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷும் இருக்கிறது. 2004-இல் வந்தது, மாதக் கட்டணம் இல்லை, டிஷ்ஷுக்கும் பாக்ஸுக்கும் ஒரு தடவை கொடுப்பதோடு சரி. 2019-இல் பங்களாதேஷ் அரசின் பிடிவியையும் அதில் சேர்த்தார்கள். மொட்டை மாடியில் ஒரு டிஷ் வைத்து, மாடிக்கு ஒரு பொது டிவியிலாவது அதைக் கொடுத்துப் பாருங்கள். ஸ்டார் ஜல்ஷா, ஜீ பங்களா, ஏபிபி ஆனந்தா மாதிரி தனியார் சேனல் வேண்டுமென்றால், 2019-இல் டிராய் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி மாறிய பிறகு வேண்டிய சேனலைத் தனியாக எடுக்க வழி இருக்கிறது. லாட்ஜுக்கு என்ன கணக்கு என்று கேபிள்காரரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எல்லா ரூமுக்கும் வேண்டாம், வங்காளக் குடும்பங்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மாடிக்கு மட்டும் போதும்.

மகாளய அமாவாசை அன்று விடியற்காலையில் ஒரு லாட்ஜுக்குப் போயிருந்தேன். லிஃப்ட் அருகே ஓடிய வயர் எரிந்து, இரண்டு மாடிக்குக் கேபிள் போயிருந்தது. நமக்கு அது தர்ப்பணம் கொடுக்கிற நாள். வங்காளிகளுக்குத் துர்கா பூஜை தொடங்கப் போகிறது என்று சொல்லும் நாள். இருட்டிலேயே எழுந்து ரேடியோவிலோ டிவியிலோ துர்கையின் துதியான சண்டி பாடக் கேட்பது அவர்கள் வீட்டு வழக்கம். அந்த வராந்தாவில் ஒரு பெரியவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, போனைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நெட் விட்டுவிட்டு வந்தது. அவர் மனைவி உள்ளே ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார், அவருக்குக் கேட்கட்டும் என்று கதவைத் திறந்து வைத்திருந்தார். வயரை மாற்றியதும் அவர் ரூமில் டிடி பங்களாவைத் தேடிப் போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மா தலையணையைச் சாய்த்து வைக்கச் சொல்லி எழுந்து உட்கார்ந்தார். அந்தச் சேனல் அதே பாக்ஸில்தான் அத்தனை நாளும் வந்துகொண்டிருந்தது.

"எல்லாரும் போனில் பார்க்கிறார்கள், டிவியை யார் பார்க்கிறார்?" என்று நீங்கள் கேட்பது எனக்குத் தெரியும். நம் ஊரில் நோயாளிக்குத் துணையாக வரும் அட்டெண்டர்கள் போனை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? வார்டிலிருந்து அந்தப் போனுக்குத்தான் கூப்பிடுவார்கள். சார்ஜ் தீர்ந்துவிடுமோ, டேட்டா முடிந்துவிடுமோ என்று அதைப் பயந்து பயந்துதான் தொடுகிறார்கள். கண்ணாடி போட்ட பாட்டிக்கும் சேர்த்து ஒரு குடும்பமே அந்தச் சின்னத் திரையில் எப்படிப் பார்க்கும்?

போன் வந்ததால் அடிபட்டது காசு வாங்கிப் படம் காட்டும் வியாபாரம்தான். அமெரிக்காவில் ஹோட்டல் ரூம்களுக்குப் படம் கொடுத்த லாட்ஜ்நெட் என்ற பெரிய கம்பெனி 2013-இல் திவால் மனு கொடுத்தது. ஆனால் அது மூடிப் போகவில்லை. சோனிஃபை என்று பெயர் மாற்றிக்கொண்டு, விருந்தினர் தன் போனில் இருப்பதையே ரூம் டிவியில் போட்டுப் பார்க்கிற வசதியைக் கொடுக்கிறது. நீங்களும் அப்படிச் செய்வதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. எல்லா ரூம் டிவியும் ஒரே வைஃபையில் இருந்தால் 204-இல் இருப்பவர் போனில் 205 டிவியும் தெரியும். ரூமுக்கு ரூம் பிரித்துப் போடச் சொல்லுங்கள், விவரம் தெரிந்த நெட்வொர்க் ஆளுக்கு அது பெரிய வேலை இல்லை.

ஸ்மார்ட் டிவி மாட்டியிருப்பவர்களிடம் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு லாட்ஜில் போன மழைக்காலத்தில் ஒரு டிவியைப் பார்க்கப் போனேன். யூடியூபைத் திறந்தால் முன்னால் தங்கியவருடைய கணக்கு அப்படியே இருந்தது. போட்டோவில் ஒரு பெண்ணும் குழந்தையும். தேடியதன் வரிசையில் ரத்தப் புற்றுநோயின் பெயர், குழந்தைக்கு என்ன சாப்பாடு கொடுக்கலாம், பிழைப்பார்களா என்ற கேள்வி. இந்தியில் எழுதியிருந்ததால் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன், படித்ததும் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன். அந்த ரூமில் அப்போது வேறு குடும்பம் தங்கியிருந்தது. டாக்டர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு சொன்ன விஷயம், முன்பின் தெரியாதவர்கள் கண்ணெதிரே திரையில் கிடக்கிறது. இது எந்த ஊர் நியாயம்? ரூமைக் காலி செய்யும்போது டவல், போர்வை, பாத்திரம் என்று ரூம் பாய் ஒரு தாளில் டிக் அடிக்கிறார் அல்லவா? அதில் 'டிவி கணக்கு நீக்கியாச்சு' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எப்படி நீக்குவது என்று உங்கள் பையன்களுக்கு நான் வந்து காட்டித் தருகிறேன், காசு வேண்டாம்.

ரிமோட் சுத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். 2012-இல் அமெரிக்காவில் ஹூஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹோட்டல் ரூம்களில் சோதித்தபோது, கிருமி அதிகம் இருந்த இடங்களில் டிவி ரிமோட்டும் கட்டிலோர விளக்கு சுவிட்சும் இருந்தன. நம் ரூம்களில் தங்குவது எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள். வாங்கும்போது வந்த பிளாஸ்டிக் உறையை ரிமோட்டிலிருந்து கழற்றாமலே வைத்திருக்கிறோம், அது கிழிந்து அழுக்கு உள்ளே சேர்ந்து, பட்டன் நிறமே மாறிவிடுகிறது. உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு ஆள் மாறும்போதும் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கச் சொல்லுங்கள்.

செலவு என்று பார்த்தால், 2022 ஜூலையில் ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த ரூமுக்கும் 12 சதவீத ஜிஎஸ்டி வந்தபோது நீங்கள் பட்ட சிரமம் எனக்குத் தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதமாகிவிட்டது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு 28 சதவீதம் இருந்ததும் 18 ஆகிவிட்டது. ஆனால் நான் மேலே சொன்னதில் முக்கால்வாசிக்குப் புது டிவியே வேண்டியதில்லை.

இன்னொன்றும் செய்யலாம், மனமிருந்தால். அமெரிக்காவில் மைக்கேல் ஓ'நீல் என்பவர், தான் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த அனுபவத்திலிருந்து 2000-இல் கெட்வெல் நெட்வொர்க் என்ற கம்பெனியைத் தொடங்கினார். ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு எதிரே இருக்கும் டிவியிலேயே நோயாளிக்கு வேண்டிய விவரங்களைக் காட்டுவதுதான் அதன் வேலை. நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. வெந்நீர் எத்தனை மணி வரை, துணி காயப்போட எங்கே போவது, ராத்திரியில் எந்த மெடிக்கல் திறந்திருக்கும், ஆட்டோவுக்கு எவ்வளவு என்பதை வங்காளத்திலும் இந்தியிலும் படமாக எழுதி ஒரு பென் டிரைவில் போட்டு டிவியில் செருகிவிட்டால் போதும். உங்கள் ரிசப்ஷனிலும் ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லும் வேலை குறையும்.

ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். இந்த வாரம் ஒரு மாடியை எடுத்துக்கொள்ளுங்கள், ஹோட்டல் மோடு, ஒற்றை ரிமோட், சேனல் தாள் மூன்றையும் முடியுங்கள். வங்காளத்தில் எழுத ஆள் இல்லையே என்று நிறுத்த வேண்டாம். உங்கள் லாட்ஜில் இப்போதே ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் அட்டெண்டர் யாரிடமாவது பேனாவும் தாளும் கொடுங்கள், சந்தோஷமாக எழுதித் தருவார்கள். நம்பர்களை நான் தேடி வைத்திருக்கிறேன், கூப்பிட்டால் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் டிவி மெக்கானிக் ஒருவன்,
வேலூர்