ஆன் ஆர்பர்ல படிக்கிற என் மருமகனுக்கு

மாப்ள,

ஸ்டேடியத்துல இருந்து நீ அனுப்புன போட்டோ பாத்தேன், மஞ்சளும் நீலமுமா கூட்டம் பாக்கவே சந்தோஷமா இருந்துச்சு. டாம் ஹார்மன் யாரு மாமான்னு கேட்ட, போன்ல அரைகுறையா சொல்லிட்டேன், மனசு கேக்கல, அதான் இது.

நம்ம வீட்ல உக்காந்து என்சிஐஎஸ்னு அமெரிக்க டிவி சீரியல் பாப்போமே, அதுல கிப்ஸா நடிச்ச மார்க் ஹார்மனோட அப்பா இவரு. உன் மிச்சிகன் யுனிவர்சிட்டிலதான் 98ஆம் நம்பர் சட்டை போட்டு ஆடுனாரு, நம்ம கால்பந்து இல்ல, பந்தைக் கையில இடுக்கிக்கிட்டு ஓடுற அமெரிக்கன் ஃபுட்பால். 1940 நவம்பர்ல ஒஹாயோ ஸ்டேட் காலேஜை அவங்க ஊர் கொலம்பஸ்லயே 40-0ன்னு அடிச்சாங்க, பாதிக்கு மேல இவர் கைவரிசைதான். இந்த ரெண்டு காலேஜுக்கும் எவ்வளவு பகைன்னு நீயே பாக்குறல்ல, அந்த கொலம்பஸ் கூட்டம் தோத்த அன்னிக்கு எழுந்து நின்னு இவருக்குக் கை தட்டிச்சு மாப்ள. காலேஜ் ஃபுட்பால்ல சிறந்த ஆட்டக்காரருக்குக் குடுக்கிற ஹைஸ்மன் கோப்பையும் அந்த வருஷம் இவருக்குத்தான்.

ஆனா எனக்கு இவரைப் பிடிச்சதுக்குக் காரணம் ஆட்டம் இல்ல. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல விமானப்படைல சேந்துட்டாரு. 1943 ஏப்ரல்ல தென் அமெரிக்கக் காட்டு மேல பி-25ங்கிற குண்டுவீச்சு விமானத்தை ஓட்டிட்டுப் போறப்ப புயல்ல மாட்டி விமானம் விழுந்துருச்சு, கூட வந்த ஒருத்தர்கூட பிழைக்கல, இவர் மட்டும் சேத்துலயும் காட்டுலயும் நாள்கணக்கா நடந்து வெளிய வந்தாரு. அதுக்கப்புறம் வானத்தைப் பாக்கவே எனக்கெல்லாம் பயமா இருக்கும். இவரு மறுபடி ஏறுனாரு, இந்தத் தடவை பி-38, ஒரே ஆள் உக்கார்ற போர் விமானம். பக்கத்துல யாரும் இல்லாத விமானம் அவருக்கு ஒரு ஆறுதலா இருந்திருக்கும்னு எனக்குத் தோணும்.

அதே வருஷம் அக்டோபர் 30, சீனாவுல யாங்சி ஆத்தங்கரைல கியூகியாங் மேல ஜப்பான்காரங்க சுட்டு வீழ்த்திட்டாங்க. காலெல்லாம் தீக்காயம், பாராசூட்ல தொங்குறப்ப எதிரி விமானங்க சுத்திச் சுத்தி வருது, செத்தவன் மாதிரி அசையாம தொங்கிக்கிட்டே இறங்கியிருக்காரு. கீழ சீன கெரில்லாக்கள் ஒளிச்சு வச்சு, கைமாத்தி கைமாத்தி, ஒரு மாசம் கழிச்சு முகாம்ல கொண்டுவந்து சேத்தாங்க. பிடிபட்டா தன் உயிரும் போகும்னு தெரிஞ்சே செஞ்சிருக்காங்க பாரு, அவங்களைத்தான் நான் அடிக்கடி நெனச்சுப்பேன்.

1944 ஆகஸ்ட்ல கல்யாணம், பொண்ணு சினிமா நடிகை எலீஸ் நாக்ஸ், நடந்தது நீ இருக்கிற அதே ஊர்லதான். அவங்க கல்யாண கவுனே அந்த பாராசூட்டோட வெள்ளைப் பட்டுல, அதோட கயிறையும் சேத்துத் தைச்சது. இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

போருக்கப்புறம் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ்ங்கிற தொழில்முறை ஃபுட்பால் டீம்ல ரெண்டு சீசன் ஆடுனாரு, கால் பழையபடி ஒத்துழைக்கல. மைக்கைப் பிடிச்சாரு. ரேடியோ, டிவின்னு வருஷக்கணக்கா கமென்ட்ரி, போருக்குப் பின்னாடி பொறந்த புள்ளைங்களுக்கு இவரு வெறும் குரலாத்தான் தெரியும். 1990ல போய்ட்டாரு.

அடுத்து ஒஹாயோ ஸ்டேட் உங்க ஊருக்கு ஆட வந்தா, அந்தப் பக்கம் யாராவது நல்லா ஆடுனா நீ எழுந்து கை தட்டு மாப்ள, ஃப்ரெண்ட்ஸ் திட்டுனா நான் சொன்னேன்னு சொல்லு. குளிர் ஆரம்பிச்சுருச்சு, ஸ்வெட்டர் போடாம வெளிய போகாத.

மாமா