'ஈயா' எந்தப் பாதியில் வரும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் சென்ற இதழின் ஸ்பானிய மொழிப் பாடத்தை என் மாணவர்கள் கத்தரித்து வகுப்புக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஆறு வருடமாக மாலை வகுப்பில் அந்த மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு தமிழ் இதழ் அதற்குப் பக்கம் ஒதுக்குவது எனக்குப் பெரிய சந்தோஷம். அதனாலேயே இதை எழுதுகிறேன்.

'இருந்தால் வாங்குவேன்' என்பதில் வரும் 'வாங்குவேன்' போன்ற வினை வடிவத்துக்கு 'நிபந்தனைக் காலம்' என்று தலைப்பிட்டு, ஆர், ஏர், ஈர் என முடியும் வினைகளுக்கு மூன்று அட்டவணை போட்டிருந்தீர்கள். ஒன்றே போதும். நிகழ்காலத்தில்தான் மூன்றும் வேறு வேறு வழியில் போகும். இங்கே வினையின் வாலை வெட்டவே வேண்டாம். முழுச் சொல்லின் பின்னால், நான், நீ, அவர், நாங்கள், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில், ஈயா, ஈயாஸ், ஈயா, ஈயாமோஸ், ஈயாய்ஸ், ஈயான் என்று ஒட்ட வேண்டியதுதான். 'பேசு' என்ற அப்லார், அப்லரீயா ஆகும். 'சாப்பிடு' என்ற கொமேர், கொமெரீயா. 'வாழ்' என்ற பிபீர், பிபிரீயா. ஒழுங்கு தவறும் வினைகள் ஒரு டஜன் உண்டு. அவற்றிலும் அடிச்சொல்தான் மாறும், ஈயா மாறாது. காதில் கேட்கும்போது அந்த 'ர'வைப் பிடிக்க வேண்டும். 'கொமீயா' என்றால் முன்பெல்லாம் சாப்பிடுவேன் என்று அர்த்தம், கொமெரீயா வேறு.

அட்டவணையைவிட அந்தத் தலைப்புதான் என்னை உறுத்தியது. 'பணம் இருந்தால் வீடு வாங்குவேன்' என்று எழுதச் சொன்னேன். ஒரு மாணவர் 'இருந்தால்' மீது ஈயாவைப் போட்டு, 'சி தெந்த்ரீயா' என்று ஆரம்பித்தார் ('சி' நம் '-ஆல்' மாதிரி; தெந்த்ரீயா, 'வைத்திரு' என்ற தெனேரின் ஈயா வடிவம்). கேட்டால், "நிபந்தனை அங்கேதானே மேடம் இருக்கு?" என்றார். அவர் மேல் என்ன தப்பு? ஈயா உட்கார வேண்டிய இடம் 'வாங்குவேன்': 'சி துபியேரா தினேரோ, கொம்ப்ரரீயா உனா காசா'. ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் பகுதியில், இதே மொழியில் பிறந்து வளர்ந்தவர்களே 'சி தெந்த்ரீயா' என்று பேசுவதுண்டு. அப்படியிருக்க, நம் பிள்ளைகளைத் தலைப்பே திசைதிருப்பலாமா?

வெனிசுவேலாவின் கராகஸில் பிறந்த ஆந்த்ரேஸ் பெய்யோ 1847இல் வெளியிட்ட ஸ்பானிய இலக்கண நூலில் இந்த ஈயா வடிவத்துக்கு 'பொஸ்ப்ரெத்தேரித்தோ' என்று பெயர் வைத்தார். நடந்து முடிந்த ஒன்றுக்குப் பிறகு வருவது என்று பொருள். மெக்சிகோ பள்ளிகளில் இன்றும் இந்தப் பெயர் புழங்குகிறது. 'பேசுவேன் என்றார்' என்பதை 'திஹோ கே அப்லரீயா' என்பார்கள். இதில் நிபந்தனை எங்கே இருக்கிறது?

அப்புறம், நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். "அவர் வந்தபோது மணி பத்து இருக்கும்" என்கிறோமே, நேற்று நடந்ததற்கு 'இருக்கும்'! அந்த இடத்தில் அவர்கள் 'செரீயான் லாஸ் தியெஸ்' என்கிறார்கள். 'இரு' என்ற செர் வினையோடு அதே ஈயான். இதைச் சொன்னதும் என் வகுப்பில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்த பாடத்தை இந்த வாக்கியத்தில் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி