கேட் சென்டர்களில் இதையும் சொல்லித் தரலாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் படிக்கிறார்கள், இல்லையென்றால் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ. அப்புறம் கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ கம்ப்யூட்டரில் வரைபடம் போடச் சொல்லித்தரும் ஏதாவது ஒரு கேட் (CAD) சென்டரில் பணம் கட்டிச் சேர்கிறார்கள். கோடு போட, டிரிம் பண்ண, ஆஃப்செட் எடுக்க, அளவு போட, கடைசியில் தாளில் பிளாட் (அச்சு) எடுக்க என்று எல்லாம் சொல்லித் தந்து சான்றிதழும் கொடுத்து அனுப்புகிறார்கள். நல்லதுதான். ஆனால் ஆட்டோகேட் என்ற அந்த வரைபட மென்பொருளுக்கு நாமே சின்னச் சின்ன நிரல் எழுதி அதனிடம் வேலை வாங்கலாம் என்று இவர்களில் பெரும்பாலோரிடம் யாரும் சொன்னதே இல்லை. நான் வேலை பார்க்கும் வரைபட அலுவலகத்துக்கு வேலை கேட்டு வருகிறவர்களிடம் விசாரித்தால், “லிஸ்ப்பா? அதெல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ்காரங்க சமாச்சாரம் சார்” என்கிறார்கள்.

அப்படியெல்லாம் இல்லை. ஆட்டோகேட் வந்தது 1982இல். ஆட்டோலிஸ்ப் (சுருக்கமாக லிஸ்ப்) என்ற நிரல் மொழியை 1986இலேயே அதற்குள் வைத்துவிட்டார்கள். வரைபடம் போடுகிறவர்களே எழுதிக்கொள்ளட்டும் என்றுதான் வைத்தார்கள்.

எங்கள் ஊர் வேலையிலிருந்தே ஒன்று சொல்கிறேன். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர்ஸில் இருக்கும். பத்திரம் எழுதுகிறவர் சென்ட் கேட்பார், மனை வாங்குகிறவர் சதுர அடி கேட்பார், நிலத்துக்காரப் பெரியவரோ “அது எத்தனை மா, எத்தனை குழி, அதைச் சொல்லு தம்பி” என்பார். டெல்டாவில் 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மா என்பது ஏறக்குறைய 33 சென்ட், வேலி 6.6 ஏக்கர். இதை ஒவ்வொரு மனைக்கும் கால்குலேட்டரில் தட்டித் தட்டி, வரைபடத்தில் ஒவ்வொன்றாக எழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. மனையைச் சுற்றி மூடிய பாலிலைன் (ஒரே தொடராகப் போன கோடு) ஒன்று இருந்தால் போதும். அதைத் தொட்டதும் பரப்பை எடுத்து, சென்டுக்கு 435.6 சதுர அடி என்று வகுத்து, குழிக்கு 144ஆல் வகுத்து, மனை எண்ணையும் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய் நடுவில் எழுதிவைக்கும் லிஸ்ப் இருபது முப்பது வரிக்குள் முடிந்துவிடும். டிஃபன் (defun) என்று ஆரம்பித்து, பெயருக்கு முன்னால் சி எழுத்தும் முக்காற்புள்ளியும் போட்டு எழுதினால், லைன், சர்க்கிள் மாதிரி அதுவும் ஒரு கட்டளையாகவே ஆகிவிடுகிறது. லேஅவுட்டில் மனை கூடினாலும் குறைந்தாலும் மறுபடி ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

லிஸ்ப் பயமாக இருந்தால் அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. மேட்டூர் திறப்பதற்கு முன் தூர்வாரும் வேலைக்காக வாய்க்கால்களில் லெவல் எடுப்பார்கள். இத்தனை மீட்டருக்கு ஒரு குறுக்கு வெட்டு என்று அரசலாறு, குடமுருட்டி பாசன வாய்க்கால்களுக்கெல்லாம் தாள் தாளாக வரும். தூரமும் மட்டமும் எக்செலில் ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டு கட்டங்களையும் நடுவில் காற்புள்ளி வைத்து ஒட்டும் ஒரே ஒரு ஃபார்முலா போட்டு, அந்த நெடுவரிசையை அப்படியே காப்பி எடுத்து, ஆட்டோகேடில் பிலைன் (பாலிலைன் கட்டளை) என்று அடித்துவிட்டு ஒட்டினால் வாய்க்காலின் வெட்டு வந்து நிற்கும். இதையே நோட்பேடில் எஸ்.சி.ஆர். கோப்பாகச் சேமித்து ஸ்கிரிப்ட் கட்டளையில் கொடுத்தால் எல்லா வெட்டுகளும் வரிசையாக வரும். இதில் ஒரு இடைவெளி விட்டாலும் அது என்டர் தட்டியதற்குச் சமம் என்பதால், வரிக் கடைசியில் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளி ஒன்றே மொத்தத்தையும் கெடுத்துவிடும். இதைப் பழகியவர்களுக்கு லிஸ்ப் வெகு தூரமில்லை.

இப்போது ஏ.ஐ.யிடம் கேட்டால் அதுவே எழுதித் தருகிறதே, நாம் எதற்குப் படிக்க வேண்டும் என்று ஒரு கேள்வி வரும். தருகிறது, நானும் கேட்டு வாங்குகிறேன். ஆனால் ஆட்டோலிஸ்ப்பில் 10ஐ 4ஆல் வகுக்கச் சொன்னால் பதில் 2. இரண்டில் ஒன்றையாவது 10.0 அல்லது 4.0 என்று புள்ளி வைத்து எழுதினால்தான் 2.5 வரும். சைன், போலார் போன்ற கணக்குகளில் கோணத்தைப் பாகையில் கொடுத்தாலும் அதை ரேடியன் என்றே எடுத்துக்கொண்டு தப்பான விடை தரும். ஓஸ்னாப் (அருகில் உள்ள முனையைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் வசதி) ஓடிக்கொண்டிருக்கும்போது நிரல் கோடு போட்டால் பக்கத்தில் இருக்கும் வேறு முனையில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஆரம்பத்திலேயே அதன் அமைப்பான ஓஸ்மோடைப் பூஜ்யமாக்கி, முடிந்ததும் பழைய மதிப்பையே திரும்ப வைக்க வேண்டும். வரைபடம் மீட்டரிலா மில்லிமீட்டரிலா என்று நாம் சொல்லாவிட்டால் ஏ.ஐ.க்கும் தெரியாது. இதையெல்லாம் வாசித்துப் பார்த்துப் பிடிக்கத் தெரியாதவர் கையில், சென்ட் கணக்கில் வரும் பிழை நேராகப் பத்திரத்துக்குப் போகும். பங்காளிச் சண்டைக்கு நம் பக்கத்தில் வேறு காரணமா வேண்டும்?

கண்டவர் கொடுத்த லிஸ்ப்பை ஏற்றக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும். ஏகேட்டாக் (acaddoc) என்ற பெயரில் ஒரு லிஸ்ப் கோப்பு வரைபடத்தோடு அதே ஃபோல்டரில் இருந்தால், வரைபடத்தைத் திறக்கும்போது அது தானாக ஏறிவிடக்கூடும். வைரஸ் எழுதுகிறவர்கள் நுழைந்த வழி அதுதான். பென் டிரைவில் ஃபோல்டரோடு காப்பி அடிக்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். புதிய பதிப்புகளில் செக்யூர்லோட் என்ற அமைப்பு எச்சரிக்கும், ஆனால் தொந்தரவாக இருக்கிறது என்று அதை அணைத்து வைத்திருக்கிறார்கள் நம் ஆட்கள்.

எல்லாவற்றுக்கும் விலை உயர்ந்த முழுப் பதிப்புதான் வேண்டும் என்பதும் இப்போது இல்லை. சின்ன அலுவலகங்கள் வாங்கும் ஆட்டோகேட் எல்.டி. என்ற எளிய பதிப்பில் நெடுங்காலம் லிஸ்ப் ஓடாது, எல்.டி. 2024 பதிப்பிலிருந்து ஓடுகிறது. பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் (ZWCAD) போன்ற வேறு வரைபட மென்பொருள்களிலும் லிஸ்ப் உண்டு. பைத்தான் தெரிந்தவர்கள் ஈசிடிஎக்ஸ்எஃப் (ezdxf) என்ற இலவச நிரல் நூலகத்தை வைத்து ஆட்டோகேடைத் திறக்காமலே டி.எக்ஸ்.எஃப். என்ற வரைபடக் கோப்பு எழுதலாம். பள்ளியிலேயே பைத்தான் படித்த பிள்ளைகள் இப்போது பாலிடெக்னிக்குக்கு வருகிறார்கள், அவர்களுக்கு இது இன்னும் சுலபம்.

அதனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கேட் சென்டர் நடத்துகிறவர்களுக்கும் பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாடத்திட்டம் மாறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கட்டளைகளைச் சொல்லித்தந்து முடித்த கையோடு ஒரு வாரம் ஒதுக்குங்கள். பாடமாக ‘ஹலோ’ என்று எழுதவைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். மனை எண் போடுவது, பரப்பு எழுதுவது, வாய்க்கால் வெட்டு வரைவது என்று நாளைக்கே அலுவலகத்தில் செய்யப்போகும் வேலையையே கொடுங்கள். தமிழில் விளக்கினால் போதும், கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் இருப்பது பிள்ளைகளுக்கு ஒரு தடையே இல்லை. தாங்களாகவே லிஸ்ப் எழுதிப் பழகிய பழைய வரைவாளர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை கூப்பிட்டால் வந்து சொல்லித்தருவார்கள். கும்பகோணம் சுற்றுவட்டாரமாக இருந்தால் நானே வருகிறேன், பஸ் காசுகூட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு கட்டட வரைவாளர்,
கும்பகோணம்.