துண்டறிக்கையின் தவறான குறிப்பால் பாழான மார்பிள் தரை: இழப்பீடு கோரிப் புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், மதுரை.
பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு மேலாளர்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த மாதம் தங்கள் நிறுவனத்தின் மாப் செட் ஒன்றை வாங்கினேன். மாப்பில் குறையில்லை; அதனுடன் வைத்திருந்த, வீட்டிலேயே தரை துடைக்கும் கலவை தயாரிப்பது பற்றிய துண்டறிக்கையைக் குறித்ததே இப்புகார். அரை வாளி வெந்நீரில் ஒரு கப் வினிகரும் இரண்டு எலுமிச்சம்பழச் சாறும் கலந்து துடைத்தால் ‘எல்லா வகைத் தரையும்’ பளபளக்கும் என்று அதில் அச்சிட்டிருக்கிறீர்கள். அதை நம்பி, எங்கள் கூடத்தின் 180 சதுர அடி வெள்ளை மார்பிள் தரையை மூன்று வாரம் அவ்வாறே துடைத்தேன்.

இப்போது காலை வெயில் சன்னல் வழியே சாய்வாக விழும்போது, மாப் போன வழியெல்லாம் அரைவட்டம் அரைவட்டமாக மங்கித் தெரிகிறது. வாளி வைத்த இடத்தில் அதன் அடிவட்டம் அப்படியே பதிந்திருக்கிறது. அழுக்கென்று எண்ணித் தேய்த்துப் பார்த்தும் போகவில்லை. பாலிஷ் போடுபவரை அழைத்துக் காட்டியபோது, அவர் மாடிப்படிக்கு அடியில் மிஞ்சிக் கிடந்த மார்பிள் துண்டொன்றை எடுத்து, அதன்மேல் எலுமிச்சைச் சாற்றை ஒரு சொட்டு விட்டார். பொடிப்பொடியாக நுரை கிளம்பியது. சற்று நேரம் கழித்துத் துடைத்ததும் அந்த இடம் மட்டும் மெருகிழந்திருந்தது. மார்பிள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. வினிகரிலுள்ள அசிட்டிக் அமிலமும் எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலமும் அதை அரித்துவிடும். கடப்பா கல்லுக்கும் இதே கதிதான். வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு விட்டுத் துடைத்திருந்தாலே போதும் என்றார் அவர். அதற்குத் துண்டறிக்கையே தேவையில்லை.

அதே தாளில், வினிகரையும் ஆப்பசோடாவையும் கலந்து பாட்டிலில் அடைத்து வைக்கவும் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டும் நுரைத்து அடங்கிய பின் துடைக்கும் வலு பெரிதாக மிஞ்சாது. மூடியை இறுக்கினால் வாயு அழுத்தம் ஏறிப் பாட்டில் வெடிக்கவும் கூடும்.

ஆகவே, இணைத்துள்ள மதிப்பீட்டின்படி மறுபாலிஷ் செலவை 15 நாட்களுக்குள் வழங்குமாறும், இனி விற்கும் பெட்டிகளிலிருந்து இத்துண்டறிக்கையை நீக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். தவறினால், போதிய எச்சரிக்கையின்றிப் பொருள் விற்பதற்கும் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தில் முறையிடுவேன்.

இணைப்பு: ரசீது நகல், துண்டறிக்கை, தரையின் புகைப்படங்கள், பாலிஷ் மதிப்பீடு.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்